கும்மிடிப்பூண்டி மண்ணில் ஒரு புல்வெளித் தோட்டம்: நாட்டுச் செடிகளோடு தொடங்க முழுமையான வழிகாட்டி

திருவள்ளூர் மாவட்டத்தில் மனை வாங்கியதும் பலர் முதலில் ஜேசிபியைத்தான் வரவழைக்கிறார்கள். தும்பை, கொழுஞ்சி, ஆவாரை, கொழுக்கட்டைப்புல் எல்லாம் ஒரே காலைப்பொழுதில் வழித்தெடுக்கப்படுகின்றன. பிறகு லாரியில் மண் வருகிறது. அதன்மேல் கொரியன் புல் பத்தைகளைப் பதித்து, நாள் தவறாமல் நீர் ஊற்றுகிறார்கள். பங்குனி வெயிலில் அது காய்கிறது. மீண்டும் புதுப் பத்தை வாங்குகிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டை ஆலை வளாகங்களிலும் இதே வழக்கம்தான், பரப்பு மட்டும் ஏக்கர் கணக்கில்.

வழித்தெடுத்த அந்தப் புல்லும் பூண்டும்தான் இந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகியவை. அவற்றையே தேர்ந்து, ஒழுங்குபடுத்தி, அழகாக வளர்த்தால் நீரும் உரமும் குறைவாகக் கேட்கும் தோட்டம் கிடைக்கும். வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் சில்லைக் குருவியும் தாமாக வரும். பத்தடிக்குப் பத்தடி இடம் இருந்தாலே தொடங்கலாம். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

இங்கே முன்பு என்ன இருந்தது?

இழந்த புல்வெளியை மீட்டதற்கு முதலில் ஓர் அயல்நாட்டு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடந்த புல்வெளிகளைப் பிரெய்ரி என்பார்கள். பெரும்பகுதி உழுநிலமாகிவிட்ட பிறகு, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1930களின் நடுவில் மேடிசன் நகரத்தில் ஒரு பழைய பண்ணை நிலத்தை எடுத்து, நாட்டுப் புற்களையும் பூச்செடிகளையும் திரும்ப வளர்த்தது. இன்று கர்டிஸ் பிரெய்ரி எனப்படும் அந்த இடம், புல்வெளி மீட்பில் உலகுக்கே முன்னோடி. இப்போது வீட்டு முற்றத்திலும் சிறு பிரெய்ரி வளர்க்கிறார்கள்.

நம் கடற்கரைச் சமவெளிக்கு உரியது வேறொரு கலவை. உலர் பசுமைமாறாக் காடு, முட்புதர், இடையிடையே திறந்த புல்தரை. பழவேற்காடு ஏரியின் கிழக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவில், ராக்கெட் தளத்தின் காவலுக்குள் இந்தக் காடு இன்னும் பெரிய பரப்பில் மிஞ்சியிருக்கிறது. கிண்டி தேசியப் பூங்காவின் புல்திடலில் வெளிமான்கள் இன்றும் மேய்கின்றன. ஊருக்கு ஊர் இருந்த மேய்க்கால் புறம்போக்குகளும் ஏரிக்கரைகளும் இதே புல்வெளியின் துண்டுகள்தான். தேர்வாய் கண்டிகையில் சிப்காட் வளாகம் வந்தபோது ஊரார் எதிர்த்துப் போராடியதும் ஆடு மாடு மேய்ந்த இப்படியொரு பொது நிலத்துக்காகவே. வருவாய்க் கணக்கில் தரிசு என்று எழுதியிருந்தாலும் அங்கே உயிர் நிறைந்திருந்தது.

படி 1: நிலத்தைப் பாருங்கள்

ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் இடத்தைக் கவனியுங்கள். புல்வெளிச் செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். வேப்பமரத்து நிழலிலும் மதிலை ஒட்டிய வடக்கு ஓரத்திலும் இந்தத் தோட்டம் செழிக்காது.

அடுத்து நீர். ஓரடி ஆழத்தில் குழி தோண்டி, வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். ஓரிரு மணி நேரத்தில் வற்றினால் மணற்பாங்கு அல்லது சரளை. மறுநாளும் நீர் நின்றால் களிமண். இந்த மாவட்டத்தின் ஆண்டு மழை 1,100 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எந்தப் பக்கம் எத்தனை நாள் நீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். செடித் தேர்வில் அந்தத் தகவல் உதவும்.

படி 2: மண் எங்கிருந்து வந்தது?

தொழிற்பேட்டைப் பகுதியில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. உருக்காலைகள், ரசாயன ஆலைகள், பழைய உலோகத்தை உருக்கும் பட்டறைகள் உள்ள வட்டாரம் இது. மனையை மேடாக்க ஆற்று மண்ணுக்குப் பதில் உலைக்கசடு, கட்டட இடிபாடு, அனல்மின் நிலையச் சாம்பல் ஆகியவற்றைக் கொட்டியிருக்கக்கூடும். மண்வெட்டியால் ஓரடி வெட்டிப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி போன்ற கட்டிகள், துருப்பிடித்த துகள்கள், சாம்பல் அடுக்கு தெரிந்தால் எச்சரிக்கை தேவை.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பின் அளவு, சத்துகள் தெரியும். விளக்கம் வேண்டுமானால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இந்தச் சாதாரணச் சோதனையில் வராது. சந்தேகம் இருந்தால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அதைத் தனியாகக் கேட்டுச் செய்யுங்கள்.

மண் கெட்டிருந்தாலும் புல்வெளி வளர்க்கலாம். அடர்ந்த புல் தூசியைப் பிடித்து வைக்கும். கசடு காற்றில் பறக்காமல் மூடும். ஆனால் அங்கே முளைக்கும் பொன்னாங்கண்ணியையும் வல்லாரையையும் சமைக்கக் கூடாது. வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடக் கூடாது. இந்த விதியைத் தளர்த்தாதீர்கள்.

படி 3: சிறிதாகத் தொடங்குங்கள்

முதலாண்டுக்கு 100 சதுர அடி போதும். களை எடுக்க முடிந்த அளவுக்குத்தான் விதைக்க வேண்டும். எல்லையைச் செங்கல் வரிசையாலோ, இரண்டடி அகலத்துக்குக் குட்டையாக வெட்டிய அருகம்புல் விளிம்பாலோ காட்டுங்கள். விளிம்பு நேராக இருந்தால் உள்ளே உயரமாக நிற்கும் புல்லைத் தோட்டம் என்று பார்ப்பவர் புரிந்துகொள்வார்கள்.

படி 4: களைகளை ஒழியுங்கள்

பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. தோட்டத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதும் இதுதான்.

சீமைக்கருவேல், பார்த்தீனியம், உண்ணிச்செடி மூன்றும் முதல் எதிரிகள். சீமைக்கருவேலை மேலே வெட்டினால் பல கிளையாகத் தழையும். மண்ணுக்குள் வேர்த்தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே கையுறை அணிந்து பிடுங்குங்கள். அதன் மகரந்தம் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். ஊடுருவும் அயல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது என்றால் பிரச்சினையின் அளவை உணரலாம்.

சித்திரை, வைகாசி வெயில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். அதை வேலை வாங்கிக்கொள்ளலாம். நிலத்தை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் நெகிழித் தாளை இறுக்கி விரித்து, ஓரங்களை மண்ணால் மூடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் மேல்மண்ணில் உள்ள களை விதைகள் பெரும்பாலும் வெந்துவிடும். கோரைக்கிழங்கு மட்டும் ஆழத்தில் தப்பும். அதைக் கையால்தான் தோண்ட வேண்டும்.

ஆனி, ஆடியில் மாலை மழை பெய்ததும் மிஞ்சிய களைகள் முளைக்கும். களைக்கொத்தியால் மேலோட்டமாகச் செதுக்குங்கள். ஆழமாகக் கொத்தினால் புதைந்து கிடக்கும் விதைகள் மேலே வரும். அடுத்த மழைக்குப் பின் மறுபடி ஒருமுறை செதுக்கினால் படுக்கை தயார்.

தொழுவுரமோ யூரியாவோ போடாதீர்கள். மெலிந்த மண்ணில் நாட்டுப் புல் தாக்குப்பிடிக்கும். கொழுத்த மண்ணில் களை முந்திக்கொள்ளும்.

படி 5: உங்கள் மண்ணுக்கு உரிய செடிகள்

பாதிக்குச் சற்று மேல் புற்கள், மீதி பூக்கும் பூண்டுகள், ஓரத்தில் சில குறுஞ்செடிகள் என்பது நல்ல கலவை. புல்தான் வேரால் மண்ணைக் கட்டி, களைக்கு இடமில்லாமல் செய்கிறது.

*செம்மண், சரளை (ஊத்துக்கோட்டை, தேர்வாய் கண்டிகைப் பக்கம்):* கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல். இடையில் தும்பை, கொழுஞ்சி, விஷ்ணுகிராந்தி, ஓரிதழ்தாமரை, சிறுபூளை. ஓரத்தில் ஆவாரை, விராலி, களா, காரை. ஊசிப்புல்லின் விதை துணியிலும் ஆட்டு ரோமத்திலும் ஏறிக் குத்தும். நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள்.

*களிமண், தாழ்வான இடம் (பொன்னேரி, மீஞ்சூர் வயற்பகுதி):* வெட்டிவேர், தர்ப்பை. தரையில் படரப் பொடுதலை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி. நீர் தேங்கும் பள்ளத்தில் நீர்முள்ளி. வேலியோரம் நொச்சி. இடம் அதிகமாக இருந்தால் மட்டும் நாணல். சிறு தோட்டத்தை அது விழுங்கிவிடும்.

*கடற்கரை மணல், உப்பு நிலம் (பழவேற்காடு, காட்டுப்பள்ளி பக்கம்):* இராவணன் மீசை, அடப்பங்கொடி, அருகம்புல், பொடுதலை. ஓரத்தில் சங்கஞ்செடி. மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீர் கரித்தால், முளைக்கும் பருவத்தில் மழைநீரை மட்டுமே நம்புங்கள்.

*கொட்டி மேடாக்கிய மனை:* அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கொழுஞ்சி, சிறுபூளை, ஆவாரை, எருக்கு. கொழுஞ்சியின் வேர்முடிச்சுகள் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். செத்த மண்ணுக்கு முதல் மருந்து அதுவே.

ஒவ்வொரு செடிக்கும் விருந்தாளி உண்டு. எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும். ஆவாரை இலையை மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தின்னும். பழுப்புநிற வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றுக்குப் புல்லே பிறப்பிடம். இலையில் ஓட்டை விழுந்தால் மகிழுங்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

குழந்தைகள் ஓடியாடும் வீடென்றால் எருக்கின் பால் நஞ்சு என்பதை நினைவில் வையுங்கள்.

எது நாட்டுச் செடி என்பதில் ஒரு தெளிவு வேண்டும். நம் மேய்க்காலில் அடங்கி நிற்கும் கொழுக்கட்டைப்புல், அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்திலும் ஆஸ்திரேலியாவிலும் மேய்ச்சலுக்காகக் கொண்டுபோகப்பட்டு, இன்று காட்டுத்தீயைப் பரப்பும் ஆக்கிரமிப்புப் புல்லாகிவிட்டது. ஒரே செடி ஓரிடத்தில் சொந்தம், வேறோரிடத்தில் சுமை. கிணற்றடிப்பூண்டும் நித்தியகல்யாணியும் நம்மோடு எத்தனை காலம் பழகியிருந்தாலும் வெளியிலிருந்து வந்தவையே. இந்தத் தோட்டத்தில் அவற்றுக்கு முதலிடம் தர வேண்டாம்.

படி 6: விதையும் தூரும் திரட்டுங்கள்

நர்சரிகளில் பெரும்பாலும் அலங்காரச் செடிகளே கிடைக்கும். செங்கல்பட்டு அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை, நாட்டுச் செடி நாற்றங்கால் நடத்திவருகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தீவனப் பயிராகக் கொழுக்கட்டைப்புல் ரகத்தை வெளியிட்டிருக்கிறது. அந்த விதை விலைக்குக் கிடைக்கும்.

மீதியை நீங்களே சேகரிக்கலாம். மார்கழி முதல் மாசி வரை விதை முற்றும் காலம். ஏரிக்கரை, வரப்பு, வழித்தெடுக்கப் போகும் மனைகள் நல்ல இடங்கள். உரியவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், காப்புக்காட்டில் கைவைக்காதீர்கள். ஓரிடத்தில் உள்ளதில் சிறுபங்கை மட்டும் எடுத்து, மீதியை நிலத்துக்கும் பறவைக்கும் விடுங்கள். நிழலில் உலர்த்தி, துணிப்பையிலோ காகித உறையிலோ பெயரும் இடமும் நாளும் எழுதி வையுங்கள்.

கொழுக்கட்டைப்புல் விதை பறித்த உடனே சரியாக முளைக்காது. சில மாதம் உறங்கி எழும். மாசியில் எடுத்து ஆவணியில் விதைப்பது அதற்கு ஏற்ற இடைவெளி. ஆவாரை, கொழுஞ்சி விதைகளின் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்து, சுடுநீர் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டு விதையுங்கள். வெட்டிவேருக்கு விதை தேட வேண்டாம்; தூர் பிரித்துத்தான் நட வேண்டும்.

படி 7: விதைப்பும் நடவும்

ஆவணிக் கடைசி முதல் புரட்டாசி நடுப்பகுதி வரை விதைக்க உகந்த காலம். மாலை இடிமழையில் விதை முளைத்து, ஐப்பசியின் அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். ஐப்பசியில் விதைத்தால் முதல் பெருமழையே விதைகளைச் சாக்கடைக்கு அடித்துச் செல்லும்.

100 சதுர அடிக்கு 50 முதல் 75 கிராம் கலவை விதை போதும். அதைப்போல் நான்கு ஐந்து பங்கு ஈர மணலோடு கலந்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைக் கிழக்கு மேற்காகவும், மறுபாதியைத் தெற்கு வடக்காகவும் தூவினால் சீராக விழும். மேலே மண் போட்டு மூடாமல், பலகையை வைத்து மிதித்து அழுத்துங்கள். மெல்லிய வைக்கோல் போர்வை எறும்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கும்.

தூர் நடுவதானால் ஐப்பசித் தொடக்கம் நல்லது. வேரோடு மூன்று நான்கு கிளைப்புகளாகப் பிரித்து, இலையை அரை அடிக்கு வெட்டி, ஓரடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். புற்களைத் தூராகவும் பூண்டுகளை விதையாகவும் சேர்த்துச் செய்தால் முதலாண்டிலேயே தோட்டம் உருப்பெறும்.

முளைக்கும் மூன்று நான்கு வாரமும் மண் காயக் கூடாது. மழை தவறினால் பூவாளியால் மெல்லத் தெளியுங்கள்.

படி 8: முதலாண்டைக் கடப்பது

முதலாண்டில் நாட்டுப் புல் கீழ்நோக்கி வளர்கிறது. வெட்டிவேர் நிலைபெற்ற பின் பத்தடி ஆழம் வரைகூட வேர்விடும். மேலே பார்த்தால் ஒல்லியான சில தாள்களும் நிறையக் களையும்தான் தெரியும். பலர் இந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து எல்லாவற்றையும் கொத்திவிடுகிறார்கள். தயவுசெய்து பொறுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் களை உயர்ந்தால், விதை கட்டும் முன் முழுப்பரப்பையும் முக்கால் அடி உயரத்துக்கு அரிவாளால் வெட்டிவிடுங்கள். களை தளரும், கீழே உள்ள நாட்டுச் செடிக்கு வெளிச்சம் கிடைக்கும். முளையிலேயே எது எதுவென்று தெரிய, ஒவ்வொரு விதையிலும் சிலவற்றைத் தனித் தொட்டியில் விதைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். இரண்டாம் கோடையில் மாதம் இருமுறை போதும். பிறகு பெரும்பாலும் மழையே பார்த்துக்கொள்ளும். சித்திரையில் தோட்டம் பழுப்பாக மாறும். அது புல்லின் ஓய்வு. முதல் கோடைமழைக்கே தளிர்த்துவிடும்.

படி 9: ஆண்டுக்கு ஒரு வெட்டு

புல்வெளிக்கு மேய்ச்சலோ வெட்டோ தேவை. இல்லையேல் புதர் மூடும். அமெரிக்கப் பிரெய்ரிகளில் திட்டமிட்டுத் தீ வைத்துப் புதுப்பிப்பார்கள். எரிவாயுக் கிடங்கும் ரசாயன டாங்கரும் வெல்டிங் பொறியும் உள்ள கும்மிடிப்பூண்டியில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

மாசியில் விதை எடுத்த பின் அரை அடிக்கு வெட்டுங்கள். ஒரே நேரத்தில் முழுவதையும் வெட்டாமல், ஓராண்டு ஒரு பாதி, மறு ஆண்டு மறு பாதி என்று மாற்றினால் பூச்சிகளின் முட்டையும் கூட்டுப்புழுவும் பிழைக்கும். பங்குனிக்குப் பிறகு வெட்டுவதானால் முதலில் நடந்து பாருங்கள். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில்தான் முட்டையிடும்.

படி 10: பாம்பு என்ற கேள்வி

புல் வளர்ந்தால் பாம்பு வரும் என்ற அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. பாம்பை ஈர்ப்பவை எலியும், ஒளியக் கிடைக்கும் செங்கல் குவியலும், சிந்திய தானியமும். குப்பையையும் இடிபாட்டையும் அகற்றுங்கள். வாசலிலிருந்து பத்தடி வரை குட்டைப் புல்லாகவும், அதற்கப்பால் உயரமாகவும் வையுங்கள். நடுவே மூன்றடிப் பாதை இருக்கட்டும். இரவில் விளக்கோடு நடங்கள். வேலை செய்யும்போது காலணி அணியுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, நாட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆலை வளாகங்களுக்கு

பெரிய ஆலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதியில், பரப்பில் 33 விழுக்காடு பசுமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருந்தது. அதை நிறைவேற்றப் பலர் கோனோகார்ப்பஸ் என்ற அயல் மர வரிசையும் லானும் வைத்தார்கள். கோனோகார்ப்பஸ் நட 2025-ல் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. அந்த இடங்கள் இப்போது மாற்றுக்குக் காத்திருக்கின்றன. அனுமதியில் கேட்ட மரங்களை நாட்டு மரங்களாக வைத்து, அவற்றுக்கு இடைப்பட்ட திறந்தவெளியைப் புல்வெளியாக்கலாம். மின்மாற்றி, எரிபொருள் கிடங்கு, வேலி ஆகியவற்றை ஒட்டிப் பத்து மீட்டருக்குக் குறையாமல் கோடை முழுவதும் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள்; பாதுகாப்பு அலுவலரை முதல் நாளிலிருந்தே கலந்து பேசுங்கள்.

ஓராண்டு வேலை, ஒரே பார்வையில்

- மார்கழி–மாசி: விதை சேகரிப்பு, மண் பரிசோதனை
- பங்குனி: சீமைக்கருவேல், இடிபாடு அகற்றல்
- சித்திரை–வைகாசி: நெகிழித் தாள் மூடல்
- ஆனி–ஆடி: முளைத்த களையை இருமுறை செதுக்கல்
- ஆவணி–புரட்டாசி: விதைப்பு
- ஐப்பசி: தூர் நடவு, நீர்வடிகால் பார்த்தல்
- கார்த்திகை–மார்கழி: களையை அடக்க ஒரு வெட்டு

தொடங்கிய பிறகு

மூன்றாம் ஆண்டில் உங்கள் தோட்டமே விதை தரும். அதைப் பொட்டலம் கட்டி எதிர்வீட்டாருக்கும், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும், வேலை செய்யும் ஆலைக்கும் கொடுங்கள். நூறு சதுர அடி பெரிய பரப்பு அல்ல. ஆனால் கவரைப்பேட்டையில் ஒன்று, பொன்னேரியில் ஒன்று, சிப்காட் வேலிக்குள் ஒன்று என்று அமைந்தால், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வண்ணத்துப்பூச்சி பறந்து போகும் தொலைவில் புல்வெளிகள் மீளும். மேய்க்கால்கள் பலவற்றை இழந்துவிட்டோம். மிஞ்சியவற்றின் விதை இன்னும் ஏரிக்கரைகளில் முற்றுகிறது. ஜேசிபி அங்கே போவதற்கு முன் நாம் போக வேண்டும்.